புல் முளைத்த விமானத் திடல்

அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களில் பூமிக்கு அடியில் கிடைப்பவற்றைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. சிமெண்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக் கல் அரியலூரைச் சுற்றி எங்கு வெட்டினாலும் கிடைக்கிறது. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்பதற்குச் சாட்சியாகக் காரை, குளக்காநத்தம் ஓடைகளில் கடல் ஜந்துக்களின் ஓடுகள் கல்லாகிக் கிடக்கின்றன. சாத்தனூரில் சுமார் 12 கோடி வருஷத்து மரம் ஒன்று கல்லாக மாறிப் படுத்திருக்கிறது. பூமிக்கு மேலே உள்ள பெருமைக்கும் குறைவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் எழுப்பிய விமானம், ஆயிரம் வருஷத்தை நெருங்கிய பின்பும், நின்ற இடத்தை விட்டு அசையாமல் நிற்கிறது.

ஆனால் இந்த இரண்டு ஜில்லாக்களுக்கும் வாய்த்த விமானம் இப்படி அசையாமல் நிற்கிற விமானந்தான். பறக்கிற விமானம் வந்து இறங்குவதற்கு இங்கே ஒரு திடலும் கிடையாது. திருச்சிராப்பள்ளிக்கும் சென்னைக்குமாகப் போகிற விமானங்களை அண்ணாந்து பார்ப்பதோடு நமது ஆகாயச் சம்பந்தம் முடிந்துவிடுகிறது. பெரிய மனிதர்கள் வரும்போது மாத்திரம் எங்கேயாவது ஓரிடத்தைச் சமப்படுத்தித் தற்காலிகமாக ஹெலிகாப்டர் இறங்கும் தளம் அமைக்கிறார்கள். 2025 ஜூலை 27-ஆம் தேதி ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதம மந்திரி கங்கைகொண்ட சோழபுரம் வந்தபோது ஹெலிகாப்டரில்தான் வந்தார். விழா முடிந்தால் இத்தகைய தளங்களின் வேலையும் முடிந்தது.

விமானம் பறப்பதற்கு வேண்டியது ஆகாயம். அது எங்கும் இருக்கிறது. இறங்குவதற்கு வேண்டியது காலி நிலம்; அதற்குத்தான் பஞ்சம். பள்ளிக்கூடத்தில் பூகோள பாடம் நடத்துகையில் இந்த விஷயம் அடிக்கடி நம் மனத்தில் எழும். நமக்குப் பக்கத்தில் உள்ள பழைய விமானத் திடல் எது என்று படத்தில் பார்த்தோம். பெரம்பலூரிலிருந்து சென்னை போகும் சாலையிலேயே, கள்ளக்குறிச்சி ஜில்லாவைச் சேர்ந்த உளுந்தூர்பேட்டையில் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து வரப் புறப்பட்டோம். பிரயாணத்தைச் சொல்லுமுன், விமானத் திடல் என்றால் ஆதியில் என்னவாக இருந்தது என்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும்.

*

இன்று விமான நிலையம் என்றதும் கண்ணாடி மாளிகை, நகரும் படிக்கட்டு, நான்கு மடங்கு விலையில் காப்பி இவையெல்லாம் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆரம்பத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. சென்னையில் ஹோட்டல் நடத்தி வந்த டி ஏஞ்சலிஸ் என்பவர் 1910-இல், தாம் வகுத்த திட்டப்படி செய்வித்த விமானத்தில் ஏறிப் பறந்து காட்டினார். அப்போது அவருக்கு வேண்டியிருந்தது ஒரு வெட்ட வெளி, அவ்வளவே.

1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு ஒரு சிறு விமானத்தில் பம்பாய்க்கு வந்தார். வழியில் ஆமதாபாத்தில் அவருடைய விமானத்துக்குப் பெட்ரோல் எதில் வந்தது தெரியுமா? மாட்டு வண்டியில்! தகர டின்களில் நிரப்பி, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து ஊற்றினார்கள். பம்பாயில் அவர் இறங்கிய ஜூஹு கடலோரத்து மைதானம், மழைக்காலத்தில் சேறாகி உபயோகப்படாமல் போய்விடும். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் தபாலை வாங்கிக்கொண்டு பல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். நமது தேசத்தின் விமானத் தபால் பிறந்த கதை இதுதான். மாட்டு வண்டியும் ஆகாய விமானமும் ஒரே திடலில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற காலம் அது.

1935 நவம்பர் 27-ஆம் தேதி கொழும்புக்கு அருகே ரத்மலானையில் முதன்முதல் இறங்கிய விமானமும் நம் சென்னையிலிருந்து போனதே. சென்னைப் பறக்கும் சங்கத்தின் ஆசிரியர் டிண்டேல் பிஸ்கோ அதை ஓட்டிச் சென்றார். 1938-இல் டாட்டாவின் விமானத் தபால் சென்னை, திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரையில் நீண்டது.

இத்தனைக்கும் புல்தரை எப்படிப் போதுமானதாக இருந்தது? அந்நாளைய சிறு விமானத்தின் எடை ஒரு டன்னுக்குக் குறைவு. நமது கரும்பு வண்டிகள் சுமக்கிற பாரத்தைவிட இது அதிகமில்லை. மணிக்கு நாற்பது ஐம்பது மைல் வேகத்தில் அது தரையைத் தொடும். சில நூறு கஜ தூரம் ஓடி நின்றுவிடும். மேலும், விமானம் எப்போதும் காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். சதுரமான பெரிய புல்வெளியாக இருந்தால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் விமானி அதற்கேற்றபடி திரும்பி இறங்கலாம். ஒரு கம்பத்தின் நுனியில் துணிப்பை ஒன்றைக் கட்டிவிட்டால் காற்றின் திசை தெரிந்துவிடும். புல்லின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், புழுதி பறக்காது. புல் அதிகமாக வளர்ந்தால் வெட்டுவதற்கு யந்திரம் வேண்டியதில்லை. ஊர் மாடுகளே அந்தக் காரியத்தைச் செவ்வையாகச் செய்துவிடும். விமானம் வரும் நேரத்தில் மாடுகளை ஓட்டிவிட ஒரு பையன் இருந்தால் போதும்.

பின்பு விமானங்கள் பருத்தன. இன்று திருச்சியில் இறங்கும் பெரிய விமானங்களின் எடை எழுபது டன்னுக்கு மேல் போகும். இறங்கும் வேகம் பழைய சிறு விமானத்தைப் போல் மூன்று மடங்கு. அவற்றின் சக்கரம் பட்டால் புல்லும் மண்ணும் உழுத நிலமாகிவிடும். ஆகவே கெட்டித் தரையில் நீண்ட ஓடுபாதை வேண்டியதாயிற்று. சேலத்து ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். திருச்சியினுடையது 2,400 மீட்டருக்கும் அதிகம். அரியலூருக்குப் பக்கத்தில் கல்லக்குடியில் 1939-இல் சிமெண்டு ஆலை வேலை தொடங்கியது. புல்லின் ராஜ்யம் போய்ச் சிமெண்டின் ராஜ்யம் வரப்போகிறது என்பதற்கு நம் வாசலிலேயே கிடைத்த அடையாளம் என்று அதைச் சொல்லலாம்.

*

அந்த ராஜ்யத்தை அவசரமாகக் கொண்டுவந்தது யுத்தம். 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ஆம் தேதி திருக்கோணமலைக்கு ஆபத்து வந்தது. சென்னையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் பயணமான குடும்பங்களுக்குக் கணக்கில்லை. அந்தக் கலவரத்தில் நமது மூதாதையரின் வீட்டிலும் இரண்டு பட்டணத்துக் குடும்பங்கள் வந்து தங்கியிருந்ததாகக் கேட்டிருக்கிறோம்.

அந்த யுத்த காலத்தில்தான் தமிழ்நாட்டின் கிராமப் புறங்களில் வரிசையாக விமானத் தளங்கள் முளைத்தன. சோழவரம், அரக்கோணம், உளுந்தூர்பேட்டை, தஞ்சாவூர், செட்டிநாடு, கயத்தாறு என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். இந்தியாவை யுத்தத்தில் இறக்குவதற்கு முன் நம்மை யாரும் கேட்கவில்லை. உழுகிற நிலத்திலும் மேய்ச்சல் வெளியிலும் ஓடுபாதை போடுவதற்கு முன்பும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்தியப் பாதுகாப்புச் சட்டம் கையில் இருக்கும்போது அந்நிய சர்க்காருக்கு யாரைக் கேட்க வேண்டும்? யுத்தம் 1945-இல் முடிந்தது. 1947-இல் வெள்ளைக்காரர்கள் கப்பலேறினார்கள். தளங்களைக் கையோடு எடுத்துக்கொண்டு போக முடியாதல்லவா? அவை இங்கேயே கிடந்தன.

*

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் அரியலூரிலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் புறப்பட்டோம். நம்மோடு கணித ஆசிரியர் ஒருவரும் வந்தார். எதையும் அளந்து பார்த்தாலன்றி நம்பாத பேர்வழி அவர். எதிரே சிமெண்டு லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. சாலையோர மரங்களின் இலைகளில் வெள்ளைத் தூசி படிந்திருந்தது. பெரம்பலூரில் இறங்கி, இட்டலியும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு, வடக்கே போகும் பஸ்ஸில் ஏறினோம். பருத்தியும் மக்காச்சோளமும் எடுத்து முடிந்த கரிசல் காடு இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது.

கொஞ்ச தூரத்தில் இடப்புறமோ வலப்புறமோ என்று நாம் தேடுவதற்குள்ளேயே ரஞ்சன்குடிக் கோட்டையின் மதில் தென்பட்டுவிட்டது. 1751-இல் ஆங்கிலேயர் ஒரு பக்கமும் பிரெஞ்சுக்காரர் ஒரு பக்கமுமாக, நம் நாட்டு நவாபுகளை முன்னால் நிறுத்தி, இங்கே வாலிகண்டபுரத்துச் சண்டையை நடத்தினார்கள். அந்தச் சண்டையும் நம்மைக் கேட்டு நடந்ததன்று. இன்று அந்தக் கோட்டையைத் தொல்பொருள் இலாகா பாதுகாத்து வருகிறது. வாசலில் பலகை இருக்கிறது. உள்ளே இருப்பதற்குக் கணக்கு இருக்கிறது. “யுத்தத்துக்காகக் கட்டியதுதான், ஆனாலும் இதற்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான்” என்றார் கணித ஆசிரியர். அந்த வார்த்தையின் பொருள் உளுந்தூர்பேட்டைக்குப் போன பிறகுதான் நமக்கு நன்றாக விளங்கிற்று.

தொழுதூர், வேப்பூர் எல்லாம் கடந்து உளுந்தூர்பேட்டையை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. சென்னைக்கும் தென் ஜில்லாக்களுக்கும் போகிறவர்கள் எல்லோரும் அறிந்த ஊர்தான் இது. பஸ் நின்றால் இறங்கிக் கை கால் உதறிவிட்டு மறுபடி ஏறிப் போகிறவர்களுக்கு, இங்கே யுத்த காலத்து விமானத் தளம் ஒன்று உண்டு என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. கடைத்தெருவில் இருவரை விசாரித்து, வழி தெரிந்துகொண்டு நடந்தோம்.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. சீமைக்கருவேல முள்ளும், எருக்கும், நடுநடுவே மஞ்சளாகக் காய்ந்த புல்லுமாக ஒரு வெளி. பிறகு காலடியில் மண் கெட்டியாயிற்று. குனிந்து பார்த்தால் அது மண் அல்ல; பழைய கெட்டித் தரை. பலகை பலகையாக வெடித்து, வெடிப்புகளில் எல்லாம் புல் முளைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அந்தத் தரை நேராக, ஒரு கோடு கிழித்தது போல், கானல் நீருக்குள் போய் மறைந்தது. நமது கிராமங்களில் இவ்வளவு நேரான பொருள் வேறெதுவும் கிடையாது. ஆறு வளையும், வரப்பு வளையும், வண்டிப் பாதையும் வளையும். கணித ஆசிரியர் அடியெடுத்து எண்ணத் தொடங்கி, வெயில் தாங்காமல் எழுநூறோடு நிறுத்திக்கொண்டார்.

ஓரிடத்தில் உளுந்துச் செடிகளைப் பிடுங்கி வந்து காயப்போட்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி ஒரு தகப்பனார் தம் மகனுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வேல மர நிழலில் ஆடுகளை மடக்கிவிட்டு உட்கார்ந்திருந்த வயோதிகர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தோம்.

“பெரியவரே, இது என்ன இடம்?”

“பிளேன் எறங்குன எடமுங்க ஐயா.”

“நீங்கள் பார்த்ததுண்டா?”

“எங்கப்பாரு பாத்திருக்காருங்க. நான் பாத்ததெல்லாம் ஆடுதான்.”

“மறுபடியும் விமானம் வரப்போவதாகச் சொல்கிறார்களே?”

பெரியவர் சிரித்தார். “சின்னப் புள்ளையிலேருந்து கேக்குற சேதிதானுங்களே! வந்தா நல்லா வரட்டும். பேரப் புள்ளைங்க ஏறிப் போவும். வராதுன்னா, இது ஆடு மாட்டுக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போவட்டும். ரெண்டுமில்லாம நிக்குது பாருங்க, அதான் பயமா இருக்கு.”

“அதில் என்ன பயம்?”

“வெறும் எடம் ரொம்ப நாளைக்கு வெறும் எடமா இருக்காதுங்களே ஐயா!”

பல்கலைக் கழகத்தில் பொருளாதாரம் படித்தவர்கள் நூறு பக்கத்தில் சொல்லும் விஷயத்தை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு, வேலியோரம் நழுவிய ஆட்டைத் துரத்திக்கொண்டு போனார்.

*

யுத்த காலத்துத் தளங்கள் எல்லாமே இந்தக் கதிக்கு ஆளாகிவிடவில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல, அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போயின. அரக்கோணத்துத் தளத்தைக் கடற்படை ஏற்றுக்கொண்டது. 1992 மார்ச்சில் அது ஐ. என். எஸ். ராஜாளி என்ற பெயரோடு திறக்கப்பட்டது. தஞ்சாவூர்த் தளம் 2013 மே மாதத்தில் முழு விமானப் படை நிலையமாயிற்று. 2020 ஜனவரி முதல் சுகோய் விமானப் படைப்பிரிவு ஒன்று அங்கே இருக்கிறது. சோழவரத்துக்கு வந்த யோகமோ வேறு. விமானம் ஓடிய பாதையில் மோட்டார்ப் பந்தயம் நடக்கலாயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயப் பாதை வரும் வரையில், பல வருஷம் சென்னை வாலிபர்கள் சோழவரத்தைத் தங்கள் க்ஷேத்திரமாகக் கொண்டிருந்தார்கள். கயத்தாறும் செட்டிநாடும் உளுந்தூர்பேட்டையின் கட்சி. கயத்தாறு என்றால் 1799-இல் வீரபாண்டியக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்பதை நேயர்கள் அறிவார்கள். விமானத் தளமும் உள்ள ஊர் என்பதைச் சிலரே அறிவார்கள்.

சிற்றூர்களை ஆகாய மார்க்கத்தில் இணைக்கச் சுதந்தர இந்தியா முயலவில்லை என்றும் சொல்லக்கூடாது. 1981-இல் வாயுதூத் என்று ஒரு ஸ்தாபனம் இதற்காகவே ஏற்பட்டது. பத்தொன்பது பேர் உட்காரும் சிறு விமானங்கள் அதனிடம் இருந்தன. தஞ்சாவூரிலும் நெய்வேலியிலும் அவை வந்து இறங்கியதுண்டு. நஷ்டம் தாங்காமல் 1990-களில் வாயுதூத் மறைந்தது. 2016-இல் ‘உடான்’ திட்டம் வந்தது. அதன் பட்டியலில் உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு முதலிய பெயர்கள் இடம் பெற்றன. பெயர் பட்டியலில் ஏறிற்றே தவிர விமானம் தரையில் இறங்கவில்லை. ஆனால் சேலத்தைப் பாருங்கள். 2018 மார்ச்சில் அங்கே உடான் சேவை தொடங்கியது, 2021-இல் நின்றது, 2023 அக்டோபரில் திரும்பவும் விமானம் வந்தது. நின்ற சேவை திரும்பி வருவதற்குக் காரணம், அது நின்றிருந்த காலத்திலும் திடல் திடலாகவே இருந்ததுதான். விமானம் போய்விட்டால் மறுபடி அழைத்துக்கொள்ளலாம். நிலம் போய்விட்டால் யாரை அழைப்பது?

*

இந்தத் துக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் விமானங்கள் இறங்கும் இடங்கள் ஏறத்தாழ 20,000 உண்டு. அவற்றுள் பொது ஜனங்களுக்குத் திறந்தவை சுமார் 5,000 மட்டுமே, மற்றவை தனியாருடையவை. அவற்றில் பல, குடியானவர்கள் தங்கள் வயலுக்கு நடுவே ஒரு பட்டை நிலத்தைப் புல்லாக விட்டுவைத்து ஏற்படுத்திக்கொண்டவை. நம் ஊர் மிராசுதார் வாசலில் வில் வண்டி நிறுத்தியது போல, அந்த ஊர்க் குடியானவர் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் சிறு விமானத்தை நிறுத்திக்கொள்வார்.

இந்தப் புல் பாதைகள் இப்போது அங்கே ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. கிழவர் காலமாகிறார், பிள்ளைகள் பட்டணத்தில் இருக்கிறார்கள், நிலத்தின் விலையோ ஏறிவிட்டது. வீடு கட்டுகிறவர் வந்து கேட்கிறார், கொடுத்துவிடுகிறார்கள். சில இடங்களில் வீடுகள் முதலில் பக்கத்தில் வந்து சேர்கின்றன. பிறகு, விமானம் சத்தம் போடுகிறது என்று வீட்டுக்காரர்கள் புகார் செய்கிறார்கள். விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற பயமும், இன்ஷூரன்ஸ் செலவும் சேர்ந்துகொள்கின்றன. ஒரு ரெயில் நிலையத்தை மூடினால் ஊரே திரண்டு வந்து கூச்சலிடும். புல் பாதை மறையும்போது சத்தமே கேட்பதில்லை. அடுத்த வருஷத்து விமானப் படத்தில் ஒரு சிறு வட்டம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

சத்தத்தோடு மறைந்ததும் ஒன்று உண்டு. சிகாகோ நகரத்தின் ஏரிக்கரையில் மெய்க்ஸ் என்னும் சிறு விமான நிலையம் இருந்தது. 2003 மார்ச் 30-ஆம் தேதி இரவில் அந்நகர மேயர் யந்திரங்களை அனுப்பி ஓடுபாதையில் பெரிய பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டச் செய்தார். ஓடுபாதையில் பெருக்கல் குறி இருந்தால் ‘இங்கே இறங்காதே’ என்பது விமானிகளின் சங்கேதம். காலையில் எழுந்து பார்த்தவர்கள், தங்கள் விமானங்கள் வெளியே போக வழியின்றி உள்ளேயே நிற்பதைக் கண்டார்கள். ஜனநாயகத்தில் பேர் பெற்ற தேசத்தில்கூட, காலி நிலம் ஒன்றின் விதியை ஓர் இரவில் முடித்துவிட முடிந்தது.

*

“அதெல்லாம் சரி ஐயா! நான்கு வழிச் சாலை இருக்கிறது. பெரம்பலூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் திருச்சி போய்விடலாம். உமக்கு எதற்கு விமானத் திடல்?” என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பெரம்பலூருக்குப் பெரிய விமான நிலையம் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ரெயில் பாதையையே இன்னும் காணாத ஊருக்கு விமான நிலையம் கேட்பது, இடுப்புத் துணிக்கு முன்னால் தலைப்பாகை கேட்பது போலாகும்.

நாம் சொல்வது வேறு. 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியுமுன், அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. சுமார் 150 பேர் மாண்டனர். ரெயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமாச் செய்தார். வெள்ளம் வந்து சாலையும் இருப்புப் பாதையும் துண்டிக்கப்பட்டால் மிஞ்சுவது ஆகாய மார்க்கம் ஒன்றே. அந்த மார்க்கத்தில் வருகிற ஹெலிகாப்டருக்கும் மேடு பள்ளம், மின்சாரக் கம்பி இல்லாத ஒரு திடல் வேண்டும். ஆபத்து வந்த பிறகு தேடுவதற்கு அது திருவிழாப் பந்தல் அன்று. இருதய நோயாளியை ஏற்றிப் போவதற்கும், நம் கிராமத்துப் பிள்ளைகள் விமானம் ஓட்டப் பழகுவதற்கும் இத்தகைய சிறு திடல்களே ஏற்றவை. விமானப் பயிற்சிப் பள்ளியொன்று வைப்பதற்குத் தமிழ்நாட்டு அரசின் டிட்கோ ஸ்தாபனம் தேடிப் போனது, கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆலைக்குச் சொந்தமான தனியார் ஓடுபாதையைத்தான். அதை யாரோ காலியாக வைத்திருந்தார்கள். ஆகையால் கேட்க முடிந்தது.

நிலத்தை எடுப்பதிலும் விடுவதிலும் நமக்கு இன்னும் நிதானம் வரவில்லை. பெரம்பலூர் ஜில்லாவில் திருமாந்துறைப் பக்கம் 2000-களின் பிற்பகுதியில் தொழில் மண்டலத்துக்கென்று ஏறத்தாழ 3,000 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டுப் பல வருஷம் தரிசாகக் கிடந்தது. அரியலூர் ஜில்லாவில் ஜயங்கொண்டத்துப் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990-களில் எடுத்த நிலம், திட்டம் நிறைவேறாமல், கடைசியில் உரியவர்களுக்கே திருப்பிக் கொடுப்பது என்று தீர்மானமாயிற்று. ஒரு தலைமுறைக் காலம் அந்தக் குடிகள் உழவும் துணியாமல், விற்கவும் முடியாமல் இருந்ததை யார் ஈடு செய்வது? அந்நியன் கேளாமல் எடுத்தான் என்று குறை கூறுகிற நாம், கேட்டு எடுத்ததையாவது ஒழுங்காக வைத்திருக்க வேண்டாமா?

ஆகவே செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. பழைய விமானத் தளங்கள் ஒவ்வொன்றையும் அளந்து, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஊரறியச் சொல்ல வேண்டும். அந்த நிலம் பொதுப் பெயரில் நிற்க வேண்டும்; துண்டு துண்டாக யாருக்கும் போகக் கூடாது. விமானம் வரும் நாள் வரையில் அங்கே புல் வளரட்டும். ஊர் ஆடு மாடுகள் உரிமையோடு மேயட்டும். அதேபோல, நம் இரண்டு ஜில்லாக்களிலும் விழாவுக்கு விழா புதிது புதிதாகத் தளம் போட்டு அழிப்பதற்குப் பதிலாக, ஜில்லாவுக்கு ஒரு நல்ல திடலை நிரந்தரமாகக் குறித்து வைத்துவிடலாம். புல் திடலுக்குள்ள பெரிய சௌகரியம் இதுதான்: மேய்ச்சலும் விமானமும் அங்கே சண்டையில்லாமல் இருக்க முடியும். 1932-இல் ஆமதாபாத்தில் மாட்டு வண்டியும் விமானமும் ஒத்துப்போகவில்லையா?

காலி நிலத்தைக் காலியாகவே காப்பாற்றுவது நம்மவர்களுக்குக் கைவராத வித்தை என்றும் சொல்ல முடியாது. அரியலூர் ஜில்லாவிலேயே கரைவெட்டி ஏரி இருக்கிறது. இமயமலையையே தாண்டிப் பறக்க வல்ல வரித்தலை வாத்துக்கள் பனிக் காலத்தில் அங்கே வந்து இறங்குகின்றன. அந்தப் பறவைகள் வருஷத்தில் பாதி நாள் வருவதில்லை; அதற்காக ஏரியைத் தூர்த்து மனை போடலாம் என்று யாரும் தீர்மானிக்கவில்லை. சரணாலயம் என்று எழுதிவைத்தார்கள். 2024 ஜனவரியில் அது உலகத்தின் முக்கிய நீர்நிலைகளுள் ஒன்றாக ராம்சார் பட்டியலிலும் ஏறிற்று. ஏரிக்குச் செய்த அந்த மரியாதையை எஞ்சியிருக்கிற திடல்களுக்கும் செய்தால் போதும். உளுந்தூர்பேட்டைப் பெரியவர் தம் ஆடுகளைப் பயமின்றி மேய்ப்பார்; அவருடைய பேரப் பிள்ளைகள் விமானம் ஏறும் காலம் வந்தால், அது வந்து இறங்குவதற்கு இடமும் இருக்கும்.